பித்தரின் நண்பர் பினேல்

உளவியல் நூல்களைப் புரட்டிய மாணவ நண்பர்கள் ஓர் ஓவியத்தைக் கண்டிருக்கக்கூடும். ஒரு பெரிய மருத்துவமனையின் முற்றம். நடுவே, தளர்ந்த கைகளோடும் எங்கோ நிலைத்த பார்வையோடும் இளம்பெண் ஒருத்தி நிற்கிறாள். அவள் இடுப்பைச் சுற்றியுள்ள இரும்புப் பட்டையை ஒருவர் கழற்றுகிறார். பக்கத்தில் மருத்துவர் ஒருவர் அமைதியாக நின்று நோக்குகிறார். இன்னொரு பெண் மண்டியிட்டு அவர் கையில் முத்தமிடுகிறாள். சுவரோரம் விலங்கிடப்பட்ட வேறு பெண்கள் தங்கள் முறைக்காகக் காத்திருப்பவர்போல் காணப்படுகின்றனர்.

அந்த மருத்துவர்தாம் பிலிப் பினேல். ஓவியம் தீட்டியவர் தோனி ரொபேர் பிளெரி என்னும் பிரெஞ்சுக்காரர். தீட்டிய ஆண்டு 1876. அதாவது பினேல் மறைந்து ஐம்பது ஆண்டுகள் கழிந்த பின்னர். பித்தர்களின் தளையை முதன்முதலில் அறுத்தவர் பினேல் என்று இந்த ஓவியமும் இதைப் போன்ற பிறவும் உலகுக்குச் சொல்லிவிட்டன. வரலாற்றைத் துருவிப் பார்த்தால் பாரிசு நகரில் அந்தச் செயலை முதலில் செய்த கை வேறொருவருடையது என்பது தெரியவருகிறது. அதனால் பினேலின் பெருமை குன்றிவிடுமோ என்று நாம் அஞ்ச வேண்டுவதில்லை. அவர் செய்த வேலை ஓவியத்தில் அடங்காத வேலை. அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தென் பிரான்சின் தார்ன் பகுதியில் ஒரு சிற்றூரில் 1745ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் பினேல் பிறந்தார். தந்தையார் நாட்டுப்புறத்து அறுவை மருத்துவர். பெரிய வருவாய் இல்லாதவர். மகனைச் சமயத் தொண்டுக்கு அனுப்ப வேண்டுமென்பது குடும்பத்தாரின் எண்ணம். இலத்தீனும் இறையியலும் பயின்றார் பினேல். ஆனால் உள்ளம் அதில் ஒட்டவில்லை. துலூசு நகரில் மருத்துவம் படித்து 1773இல் பட்டம் பெற்றார். அடுத்து மோன்பெலியே சென்று மேலும் நான்காண்டுகள் கற்றார். கையில் காசில்லை. கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தும், வசதி படைத்த மாணவர்களுக்கு ஆய்வுரைகள் எழுதிக்கொடுத்தும் வயிற்றைக் கழுவினார். பிறர் பெயரில் எழுதிப் பிழைத்த இந்த மனிதர்தாம், பின்னாளில் பிறருடைய உழைப்பை அவரவர் பெயரிலேயே எழுதிவைத்தார் என்பது என் மனத்தில் அடிக்கடி தோன்றும் எண்ணம்.

1778இல் பாரிசுக்கு வந்தார். அங்கே காத்திருந்தது ஏமாற்றம். வெளியூர்ப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தைப் பாரிசு மருத்துவக் கழகம் ஒப்புக்கொள்வதில்லை. தலைநகரில் அவர் மருத்துவம் பார்க்க முடியாது. ஏழை மருத்துவர்களுக்கென்று ஒரு பரிசுப் போட்டி இருந்தது. வென்றால் கட்டணமின்றித் தகுதி கிடைக்கும். பினேல் இருமுறை போட்டியிட்டு இருமுறையும் தோற்றார். இவருடைய மருத்துவ அறிவு எல்லாத் துறையிலும் வருந்தத்தக்க அளவுக்குச் சாதாரணமானது என்று தேர்வாளர்கள் முடிவு கூறினர். பினேல் இயல்பிலேயே கூச்சம் மிகுந்தவர். நாலு பேர் முன்னிலையில் அவருக்கு நா எழுவதில்லை. தேர்வறையில் அது போதாதா?

ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் எழுத்தும் மொழிபெயர்ப்புமே அவருக்குச் சோறு போட்டன. ஸ்காட்லாந்து மருத்துவ மேதை வில்லியம் கல்லனின் நூலை 1785இல் பிரெஞ்சுக்குக் கொண்டுவந்தார். உடல்நலம் பற்றிய வார இதழொன்றின் ஆசிரியராக இருந்தார். இந்தக் காலத்தில்தான் அவருடைய வாழ்வின் போக்கை மாற்றிய துயரம் நேர்ந்தது. நெருங்கிய நண்பர் ஒருவருக்கு மனச்சோர்வு கண்டது. சோர்வு முற்றி வெறியாகியது. நண்பரைக் காப்பாற்ற பினேலும் முயன்றார், பிறரும் முயன்றனர், பலனில்லை. வீட்டைவிட்டு ஓடிய நண்பர் பிணமாகத்தான் கிடைத்தார். கற்ற மருத்துவம் கைகொடுக்கவில்லையே என்ற வேதனை பினேலை விட்டு நீங்கவில்லை. பாரிசில் பெலோம் என்பவர் நடத்திய மனநோயாளர் விடுதியில் சேர்ந்து, சில ஆண்டுகள் நோயாளிகளின் அருகிலிருந்து பார்க்கலானார்.

பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. பழைய மருத்துவக் கழகத்தின் கோட்டை சரிந்தது. பினேலுக்கு மூடியிருந்த கதவும் திறந்தது. ஆனால் அவர் புரட்சியின் கொடுமையையும் கண்ணால் கண்டவர். 1793 சனவரி 21ஆம் நாள் பதினாறாம் லூயி மன்னன் கில்லட்டினில் தலை வெட்டப்பட்டபோது, தம் வட்டாரக் குடிமக்களோடு ஆயுதந்தாங்கி அங்கே நிற்கவேண்டிய நிலை அவருக்கு ஏற்பட்டது. அதே ஆண்டின் ஆகஸ்ட் திங்களில் பிசேத்தர் விடுதியின் மருத்துவராக அமர்த்தப்பட்டார். அப்போது வயது நாற்பத்தெட்டு.

பிசேத்தர் என்றால் பாரிசு மக்கள் நடுங்குவர். நகருக்குத் தெற்கே இருந்த அந்தக் கட்டடத் தொகுதியில் குற்றவாளிகள், முதியவர்கள், தீராப் பிணியாளர்கள் என்று ஏறத்தாழ நாலாயிரம் ஆடவர்கள் அடைபட்டுக் கிடந்தனர். அவர்களுள் இருநூறு பேர் பித்தர்கள். முன்பே நகரின் பெரிய மருத்துவமனையில் குருதி வடித்தும், பேதிக்குக் கொடுத்தும், குளிர்நீரில் அமிழ்த்தியும் பார்த்துவிட்டு, இனித் தேறமாட்டார் என்று தள்ளப்பட்டவர்கள் பிசேத்தருக்கு வருவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் விலங்குகளைப் பார்ப்பதுபோல் இவர்களைப் பார்க்க ஊர்மக்கள் கூட்டமாக வருவதும் வழக்கமாக இருந்தது. குருதி வடிக்கும் சிகிச்சையைப் பற்றிப் பின்னாளில் எழுதும்போது, இங்கே பித்தர் நோயாளியா மருத்துவரா என்று ஐயம் எழுகிறது என்ற பொருளில் பினேல் கேலி செய்திருக்கிறார்.

இந்த இடத்தில்தான் அவர் பூசேன் என்பவரைச் சந்திக்கிறார். ழான் பாப்தீஸ்த் பூசேன் தோல் பதனிடும் தொழிலாளி. கண்டமாலை நோய்க்கு மருத்துவம் பெற 1771இல் பிசேத்தருக்கு வந்தவர். நோய் தீர்ந்தபின் அங்கேயே வேலைக்கு அமர்ந்து, படிப்படியாக உயர்ந்து, 1780களின் நடுவில் பித்தர் பிரிவின் கண்காணிப்பாளர் ஆனார். மருத்துவக் கல்வி என்பது துளியும் இல்லை. ஆனால் பத்தாண்டுக் காலம் அந்தப் பித்தர்களோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தவர். பணியாளர் எவரும் நோயாளியை அடிக்கக்கூடாது என்று கட்டளையிட்டார்; மீறியவர்களை வீட்டுக்கு அனுப்பினார். தேறிய நோயாளிகளையே பணியாளராக வைத்துக்கொண்டார். பட்டவருக்குத்தானே பிறர் படும் பாடு தெரியும்? அவருடைய மனைவி மார்கரித் அம்மையாரும் சீறி நிற்பவனைச் சொல்லால் தணிக்கும் ஆற்றல் பெற்றவர்.

பட்டம் பெற்ற மருத்துவர்கள் இப்படிப்பட்ட ஒருவரை ஏறிட்டும் பாரார். பினேல் என்ன செய்தார்? மருத்துவரென்ற செருக்கை வாயிலிலே விட்டுவிட்டு, பூசேனிடம் மாணவராகச் சேர்ந்தார் என்றே சொல்லலாம். நாள்தோறும் பிரிவுக்குள் சென்றார். ஒவ்வொரு நோயாளியோடும் பலமுறை உட்கார்ந்து பேசினார். என்ன சொல்கிறார், எப்போது கொதிக்கிறார், எப்போது தணிகிறார், நோய் வருமுன் என்ன நேர்ந்தது என்பவற்றைக் குறிப்பெடுத்தார். ஏறத்தாழ இரண்டாண்டுகள் இப்படிக் கேட்டும் எழுதியும் கழிந்தன. காதலில் தோல்வி, பிள்ளையை இழந்த துயரம், வணிகத்தில் வீழ்ச்சி, அளவுமீறிய சமய அச்சம், புரட்சிக் காலத்துப் பீதி என்று ஒவ்வொரு பித்துக்குப் பின்னும் ஒரு வாழ்க்கைக் கதை இருந்ததை அவர் கண்டார்.

இன்னொன்றையும் கண்டார். அதுவே அவருடைய முறைக்கு அடித்தளம். வெறி பலருக்கு விட்டுவிட்டு வருகிறது. இடைப்பட்ட காலத்தில் அவர்கள் நம்மைப் போலவே பேசுகின்றனர், நினைவு கூர்கின்றனர், வெட்கப்படுகின்றனர். சிலருக்கு ஒரே ஒரு பொருளில் மட்டும் மதி மயங்கியிருக்கிறது. மற்றவற்றில் தெளிவாகவே இருக்கின்றனர். ஆகவே அறிவு முற்றும் அழிந்துவிடுவதில்லை. எஞ்சிய அறிவோடு மருத்துவர் பேசலாம், அதைத் துணையாகக் கொள்ளலாம் என்று அவர் முடிவுக்கு வந்தார். பித்தரை விலங்காகக் கருதிய காலத்தில் இது புரட்சிக்குள் ஒரு புரட்சி.

இந்த முறைக்குப் பிரெஞ்சில் இட்ட பெயரில் மொரால் என்ற சொல் வருகிறது. ஒழுக்கம், நீதி என்று நம்மவர் சிலர் மொழிபெயர்த்துவிடுகின்றனர். அது பொருந்தாது. அக்காலப் பிரெஞ்சில் உடலைச் சாராத, உள்ளத்தையும் உணர்ச்சியையும் சார்ந்த எல்லாவற்றுக்கும் அது பெயர். உளவழி மருத்துவம் என்று நாம் கூறினால் குற்றமில்லை.

பினேலே எழுதிவைத்த ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால் முறை விளங்கும். பாரிசில் ஒரு கடிகாரத் தொழிலாளி. ஓயாமல் தானே இயங்கும் எந்திரத்தைச் செய்துவிட வேண்டுமென்று இரவு பகலாக உழைத்து உறக்கம் இழந்தார். புரட்சியின் பீதியும் சேர்ந்துகொண்டது. மதி கலங்கியது. தம் தலையைக் கில்லட்டினில் வெட்டிவிட்டனர் என்றும், பிறகு நீதிபதிகள் மனம் மாறி வெட்டுண்ட தலைகளை மீண்டும் ஒட்டச் சொன்னபோது தலைகள் மாறிப்போய் யாரோ ஒருவரின் தலை தமக்கு வந்துவிட்டது என்றும் நம்பினார். இந்தப் பற்களைப் பாருங்கள், என் பற்கள் எவ்வளவு அழகானவை என்று வருவோர் போவோரிடமெல்லாம் முறையிட்டார்.

அவரைப் பிசேத்தருக்குக் கொண்டுவந்தனர். அங்கே எவரும் அவரோடு வாதிடவில்லை. வீட்டிலிருந்து கருவிகளை வரவழைத்து, கண்காணிப்பாளர் அறைக்கு அருகிலேயே ஒரு பட்டறை அமைத்துக் கொடுத்தனர். ஓயாத எந்திரத்தைச் செய்யட்டும் என்று விட்டுவிட்டனர். செய்தார், பிரித்தார், மீண்டும் செய்தார். ஓடாது என்பதைத் தாமே கண்டு ஒருநாள் கைவிட்டார். தலை மாறிய எண்ணம் மட்டும் எஞ்சியது. நகைச்சுவை வாய்ந்த ஒரு தேறிய நோயாளியை அவரோடு பேசவிட்டனர். வெட்டுண்ட தம் தலையைக் கையில் ஏந்தி முத்தமிட்டபடி நடந்ததாகச் சொல்லப்படும் புனித தெனி என்பவரைப் பற்றிப் பேச்சு வந்தது. நடந்திருக்கக் கூடியதே என்று கடிகாரத் தொழிலாளி உறுதியாக வாதிட்டார். சொந்தத் தலையை எந்த வாயால் முத்தமிடுவது, குதிகாலாலா என்று மற்றவர் சிரித்துவிட்டார். கூடியிருந்தவரெல்லாம் சிரித்தனர். தொழிலாளி திகைத்து விலகினார். அதன்பின் தலையைப் பற்றிப் பேச்செடுக்கவே இல்லை. சில மாதங்களில் குடும்பத்தோடு சேர்ந்து தொழிலையும் தொடர்ந்தார்.

எல்லாம் இப்படி இனிதாக முடிந்துவிடவில்லை. தோல்வியையும் பினேல் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அவரிடம் நான் மிகவும் மதிப்பது இதையே. தையற்காரர் ஒருவர் மன்னனின் சாவைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டார். அதற்காகத் தமக்குத் தலைவெட்டுத் தண்டனை விதிக்கப்பட்டுவிட்டது என்ற அச்சம் அவரைப் பிடித்தது. உணவில்லை, உறக்கமில்லை. பிசேத்தரில் மற்ற நோயாளிகளின் துணிகளைத் தைக்கும் வேலையைச் சிறு கூலிக்குக் கொடுத்தபோது அவர் தேறினார். வேலை நின்றபோது அச்சம் திரும்பியது. பினேல் ஒரு நாடகம் நடத்தினார். இளம் மருத்துவர் மூவர் கறுப்பு உடையணிந்து நீதிபதிகளாக அமர்ந்தனர். தையற்காரரை விசாரித்தனர். இவர் நாட்டுப்பற்று மிக்க குடிமகன், குற்றமற்றவர் என்று தீர்ப்புக் கூறினர். அவர் முகம் மலர்ந்தது. ஆனால் நாட்கள் சென்றபின் எவரோ அதெல்லாம் வெறும் நடிப்பு என்று அவரிடம் சொல்லிவிட்டார். நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்பியது, பிறகு தேறவேயில்லை.

வேலை தேற்றியது, வேடம் தேற்றவில்லை என்று இதை நாம் படிக்கலாம். அந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உளவியல் மாணவர்கள் வகுப்பில் விவாதித்தால் நன்று.

அன்பு ஒன்றாலேயே அவர் எல்லாரையும் ஆண்டார் என்று எண்ணுவதும் தவறு. நரகத்துக்கு அஞ்சி உண்ண மறுத்த ஒருவரை இரவு வேளையில் பணியாளர் புடைசூழச் சென்று, சங்கிலிகளை ஆட்டி ஓசையெழுப்பி, விடிவதற்குள் கஞ்சியைக் குடிக்கவேண்டும் என்று பூசேன் அச்சுறுத்தியதையும் பினேல் பாராட்டியே எழுதுகிறார். நீண்ட கைகளைக் கொண்ட கட்டுச் சட்டையும், குளிர்நீர்த் தாரையும் அவருடைய மருத்துவமனையில் இருந்தன. மிஷேல் பூக்கோ என்னும் பிரெஞ்சு அறிஞர் 1961இல் வெளியிட்ட தம் நூலில், இரும்புத் தளையைக் கழற்றியவர்கள் அச்சம், குற்றவுணர்வு, ஓயாத கண்காணிப்பு ஆகிய உள்ளத் தளைகளைப் பூட்டினர் என்று வாதிட்டார். சிந்திக்கத்தக்க குற்றச்சாட்டுத்தான். எனினும் இரும்பைச் சுமந்தவரைக் கேட்டால் இரண்டும் ஒன்றே என்று ஒப்புவாரோ என்பது என் ஐயம்.

சோற்றுக்கும் அறிவுக்கும் உள்ள தொடர்பையும் பினேல் மறக்கவில்லை. புரட்சியின் தொடக்கத்தில் பித்தருக்குரிய ரொட்டியின் அளவு கூட்டப்பட்டது; சாவு குறைந்தது. பஞ்ச ஆண்டில் ரொட்டி குறைந்தது; சாவு கூடியது. அதைக் கணக்கோடு எடுத்துக்காட்டி ஆட்சியாளரைச் சாடினார். பசித்த வயிற்றோடு கிடப்பவரிடம் உளவழி மருத்துவம் பேசிப் பயனில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தேறிவருவோருக்கு உடலுழைப்பே முதல் மருந்து என்றும் எழுதினார்; நோயாளிகள் வயலில் பாடுபட்டுத் தேறிய ஸ்பெயின் நாட்டுச் சரகோசா மருத்துவமனையை அதற்குச் சான்றாகக் காட்டினார்.

1795இல் பினேல் பிசேத்தரை விட்டுப் பெண்களுக்குரிய சால்பெத்ரியேர் மருத்துவமனையின் தலைமை மருத்துவரானார். பிசேத்தரில் சங்கிலிகள் அப்போதும் இருந்தன. அவற்றை 1797ஆம் ஆண்டு அகற்றியவர் பூசேன். அப்போது பினேல் அங்கே இல்லை. பின்னரே சால்பெத்ரியேரிலும் சங்கிலி ஒழிந்தது. 1802இல் பூசேனைத் தம்மிடமே வரவழைத்துக்கொண்டார் பினேல். இத்தாலியின் புளோரன்சு நகரில் கியாருகி என்ற மருத்துவர் 1780களின் இறுதியிலேயே சங்கிலிக்குத் தடை விதித்திருந்தார் என்பதும் இங்கே நினைவுகூரத் தக்கது. இங்கிலாந்தின் யார்க் நகரில் 1796இல் வில்லியம் டியூக் என்ற தேயிலை வணிகர், குவேக்கர் சமயத்தாரின் துணையோடு தளையற்ற இல்லம் ஒன்றைத் திறந்தார். ஒருவரையொருவர் அறியாமலே பல நாட்டில் பலர் ஒரே திசையில் நடந்திருக்கின்றனர்.

அப்படியாயின் பினேலே சங்கிலியை உடைத்தார் என்ற கதை எங்கிருந்து வந்தது? அவருடைய மகன் சிப்பியோன் பினேலும், மாணவர் எஸ்கிரோலும் அதைப் பரப்பியவர்கள். கொடுங்கோல் ஆட்சியாளன் கூத்தோன் நேரில் வந்து மிரட்டியதாகவும், பினேல் அஞ்சாமல் நின்றதாகவும் அந்தக் கதை வளர்ந்தது. தந்தையின் புகழை வளர்க்க மகன் விரும்பியது இயல்பே. ஆனால் தந்தையோ தம் நூலில் பிசேத்தர்ச் சங்கிலிகளை அகற்றிய பெருமையைப் பூசேன் பெயருக்கே எழுதிவைத்துவிட்டார்.

சங்கிலி என்பது அந்நிய நாட்டுப் பழங்கதை என்று நாம் இருந்துவிட முடியாது. பிசேத்தரில் இரும்பு கழன்று இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில், நம் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் எழுந்து ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்ற விதி, 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது.

பினேலின் பெருநூல் 1801இல் வெளிவந்தது. மனப்பிறழ்ச்சி பற்றிய அந்நூல் 1806இல் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டது. செருமானியத் தத்துவ அறிஞர் ஹெகல், பித்தரிடமும் அறிவு எஞ்சியிருக்கிறது என்ற கருத்துக்காகப் பினேலைப் போற்றியிருக்கிறார். விரிவாக்கப்பட்ட இரண்டாம் பதிப்பு 1809இல் வந்தது. சோர்வு, வெறி, அறிவுச் சிதைவு, பேதைமை என்று நோய்களை நால்வகையாகப் பிரித்தார். இன்றைய பகுப்பு எங்கோ சென்றுவிட்டது. அதனால் அதில் நாம் தங்கவேண்டியதில்லை. ஆனால் ஒன்று குறிப்பிடத்தக்கது. சால்பெத்ரியேரில் 1802 முதல் 1805 முடியச் சேர்ந்த ஏறத்தாழ ஆயிரம் பெண்களின் நிலையையும் பட்டியலிட்டு, எத்தனை பேர் தேறினர், எத்தனை பேருக்கு நோய் திரும்பியது என்று கணக்கெடுத்து, 1807இல் அறிவியல் கழகத்தின் முன் வைத்தார். தேறினார் என்று சொல்லும் மருத்துவர் எண்ணிக்காட்டவும் வேண்டும் என்ற எண்ணம் அந்நாளில் புதிது. அதே மருத்துவமனையில் 1800இல் பாரிசின் முதல் அம்மைத் தடுப்பு ஊசி போடப்பட்டதும் அவருடைய முயற்சியே.

புகழும் வந்தது. நெப்போலியனின் ஆலோசனை மருத்துவர்களுள் ஒருவரானார். அறிவியல் கழகம் உறுப்பினராக ஏற்றது. ஒரு காலத்தில் தகுதியில்லை என்று இருமுறை தள்ளிய பாரிசு, பேராசிரியர் இருக்கையை அளித்தது. பூசேன் 1811இல் மறைந்தார். 1822இல் முடியாட்சி அரசு மருத்துவக் கல்லூரியைக் கலைத்துத் தனக்கு ஒவ்வாத பேராசிரியர்களை வெளியேற்றியபோது, எழுபத்தேழு வயது பினேலும் பதவி இழந்தார். சால்பெத்ரியேரை மட்டும் அவர் விடவில்லை. இறுதிவரை அங்கேயே இருந்தார். 1826 அக்டோபர் 25ஆம் நாள், எண்பத்தோராம் வயதில் காலமானார். அவர் மாணவர் எஸ்கிரோல் தொடர்ந்து உழைத்ததன் பயனாக, ஒவ்வொரு மாவட்டமும் மனநோயாளருக்கு ஒரு மருத்துவமனைக்கு வகைசெய்ய வேண்டுமென்ற சட்டம் 1838இல் பிரான்சில் நிறைவேறியது.